அறை வெப்பநிலை

ஒன்பதாம் வகுப்புக்கு உலோகங்கள் பாடம் எடுக்கும்போது ஒரு வரியில் மட்டும் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன். உலோகங்கள் எல்லாம் அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்கும், பாதரசம் மட்டும் திரவம் என்பது அந்த வரி. பிள்ளைகள் அதை அப்படியே நெட்டுருப் போட்டு ஒரு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் விடமாட்டேன். எந்த அறை என்று கேட்பேன்.

என்னிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி உண்டு. உள்ளே காலியம் என்கிற உலோகம், சுண்டு விரல் அளவு. மார்கழி மாதம் முதல் பீரியடில் காட்டினால் கல் மாதிரி கிடக்கும். அதே குப்பியைச் சித்திரையில் எடுத்தால் தண்ணீர் போல ஆடும். முப்பது டிகிரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே உருகிவிடுகிற உலோகம் அது. புத்தகம் எழுதியவர்களின் அறை இருபத்தைந்து டிகிரி. ஆவடியில் எங்கள் வகுப்பறை முப்பத்தாறு. போன வருஷம் லோகேஷ் என்று ஒரு பையன் எழுந்து, "எங்க ஊட்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரை மிஸ். அங்க இட்டாந்தீங்கன்னா இரும்பே ஒழுகும்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். அவன் பாடத்தைப் புரிந்துகொண்டான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சுதா மேடம், என்ன நடந்தது என்று என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். ஸ்டேஷனில் எனக்கு நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்ததற்கு நன்றி. என்னைப் பார்த்து நீங்கள் கொஞ்சம் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. நீங்களும் யாரிடமோ வேதியியல் படித்தவர்தானே. ஆசிரியை தவறாக ஏதாவது கையாண்டிருப்பாள், கவனப் பிசகாக இருக்கும் என்று நேற்று ஒரு வழி காட்டினீர்கள். அந்த வழி எனக்கு வேண்டாம். எனக்குக் கவனப் பிசகு கிடையாது.

என் தம்பி சந்தோஷுக்கு ஆறு வயதாக இருந்தபோது எங்கள் அப்பா போனார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். உருக்கிய இரும்பை வார்க்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆறே மாதத்தில் அம்மா மஞ்சள் காமாலையில் போனாள். எனக்கு இருபத்து மூன்று வயது, அப்போதுதான் பி.எட். முடித்திருந்தேன். கள்ளிக்குப்பம் வீட்டில் நானும் அவனும் மட்டும். ராத்திரி விளக்கை அணைத்தால் அவன் என் தாவணி நுனியைச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான்.

என்னைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவதாக வந்த பூந்தமல்லிக்காரர் நல்ல மனிதர். அவருடைய அம்மாதான், "தம்பிய ஹாஸ்டல்ல சேத்துக்கலாம், என்னம்மா" என்று இயல்பாகக் கேட்டாள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. அதற்கப்புறம் யாரையும் வரச் சொல்லவும் இல்லை. அதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை.

அவனை என் பள்ளியிலேயே சேர்த்தேன். பள்ளிக்கூட கேட்டுக்குள் நான் அவனுக்கு மிஸ். கேட்டைத் தாண்டிய அடுத்த நொடி அக்கா. அந்த விதியை அவனே வைத்துக்கொண்டான். சாயங்காலம் கேட்டைத் தாண்டுகிற அந்த ஒரு அடிக்காக நான் நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். அவனுக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்தபோது தெர்மாமீட்டர் என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. முத்து முத்தாகத் தரையில் ஓடியதைப் பார்த்து அவன் காய்ச்சலிலும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒட்டு நாடாவால் ஒவ்வொரு முத்தாக எடுத்தேன். மூன்று நாள் அந்த அறைக்குள் அவனை விடவில்லை. "தொடாத. தொடுறதவிட மூச்சுல இழுக்குறதுதான் மோசம். கண்ணுக்கே தெரியாம எழும்பும்டா" என்று சொல்லிக்கொடுத்தேன். ஆகவே எனக்குத் தெரியுமா, தெரியாதா என்ற கேள்விக்கு இடமே இல்லை.

அவன் நன்றாகப் படித்தான். ஐ.டி. வேலை கிடைத்தது, வீட்டிலிருந்தே செய்கிற வேலை. போன தை மாதம் கல்யாணம். ரோஷினி கரூர்ப் பெண், அவனோடு வேலை பார்த்தவள். குறை சொல்ல முடியாத பெண். என்னை அண்ணி அண்ணி என்றுதான் சுற்றி வருவாள். அவள் வீட்டுச் சீரில் அவர்கள் அறைக்கு ஒரு ஏசி வந்தது. மாட்ட வந்தவன் வெளி மெஷினை வைக்க வேறு சுவர் இல்லை என்று என் அறை ஜன்னலுக்குக் கீழே பொருத்திவிட்டுப் போனான். அதை ஓடவிட்டால் என் கட்டில் வரை அதிரும். நான் ஒரே ஒரு தடவை சொன்னேன், "இந்தச் சத்தத்துல கண்ணயர முடியலடா" என்று. அதற்கு மேல் சொல்லவில்லை. சின்னஞ்சிறுசுகள், அனுபவிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே, கனடாவுக்குப் போகப்போகிறோம் என்று சொன்னான். காகிதம் எல்லாம் நகர்ந்துவிட்டதாம். ஆவணி முதல் வாரத்தில் மருத்துவப் பரிசோதனை, அது முடிந்தால் ஐப்பசிக்குள் விமானம்.

"ஒரு வருஷந்தாங்கா. செட்டிலானதும் உன்ன இட்டுகினு பூடுவேன்" என்றான்.

நான் குழம்பு ஊற்றினேன். எங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியைகளின் பிள்ளைகள் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவர்கள். அவர்கள் இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுகிறார்கள். பொய் சொல்லவில்லை, சொல்லும்போது நம்பித்தான் சொல்கிறார்கள். சந்தோஷும் நம்பித்தான் சொன்னான்.

எனக்குத் தேவைப்பட்டது கொஞ்ச காலம். அவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனை ஒரு முறை தள்ளிப்போனால் போதும் என்று நினைத்தேன். லேசாகக் கை நடுங்கினால் டாக்டர்கள் கேள்வி கேட்பார்கள், வேறு டெஸ்ட் எழுதுவார்கள், மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் ரோஷினிக்கே மனசு மாறலாம், ஒரு குழந்தை உண்டாகலாம். அடுத்த தடவை கூப்பிட்டால் என்ன செய்வதாக இருந்தீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். அவ்வளவு தூரம் நான் யோசிக்கவில்லை.

பள்ளி ஆய்வகங்களில் பாதரசம் இருக்கக்கூடாது என்று நிர்வாகம் முடிவெடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. பழைய பாட்டிலை ஒப்படைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒப்படைத்ததாக எழுதினேன். உண்மையில் அது என் அலமாரியிலேயே இருந்தது, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல். திரவமாக ஒரு உலோகத்தைப் பிள்ளைகள் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனி கடைசியில் அதைக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். லேப் உதவியாளர் அசோக் கைப்பையை வாங்கி பஸ் ஸ்டாப் வரை தூக்கி வந்தார். "இன்னா மிஸ், இரும்பு வச்சிருக்கீங்களா உள்ள" என்று கேட்டார். அவருக்கு இதில் எதுவும் தெரியாது.

நான் கொடுமைக்காரி இல்லை என்பதற்கு இதைப் பாருங்கள். ரோஷினி அந்த அறையில் இருக்கும்போது நான் அதைச் செய்யவில்லை. தலை ஆடிக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம் இல்லையா. அவர்கள் இரண்டு பேரும் அதையெல்லாம் கேட்டுச் சிரித்தார்கள். ரோஷினியின் அம்மாவே, "இந்தக் காலத்துல யாருங்க அதெல்லாம் பாக்குறாங்க" என்றுதான் போனில் சொன்னார். நான்தான் பிடிவாதமாக நின்றேன். பெரியவர்கள் இல்லாத வீடு, நாளைக்கு ஒன்று ஆனால் என்னைத்தானே சொல்வார்கள் என்றேன். ஆடி ஒன்றாம் தேதி காலையில் அவர்கள் வந்து தட்டு மாற்றி, ரோஷினியை அழைத்துப் போனார்கள். போகும்போது அவள் என் தோளில் சாய்ந்து, "அவர நல்லாப் பாத்துக்கங்க அண்ணி" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

சந்தோஷ் அவர்களைப் பேருந்து ஏற்றிவிடப் போயிருந்தான். நான் பாதரசம் ஊற்றிய ஒரு பீங்கான் தட்டை எடுத்துக்கொண்டு அவன் அறைக்குள் போய், பரண் மேல் கல்யாணச் சாமான் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். கைகழுவ எடுத்த நேரத்தையும் சேர்த்து ஐந்து நிமிஷம்.

வேலைக்கு வரும் முனியம்மாவிடம் அந்த அறையைக் கூட்ட வேண்டாம் என்று சொன்னேன். தம்பிக்கு நாள் முழுக்க மீட்டிங் என்றேன். அவளுக்கு ஏற்கெனவே மூச்சிரைப்பு உண்டு. நானும் உள்ளே போகவில்லை, காபியைக் கதவருகில் நின்றே கொடுத்தேன். ஏசியை இருபத்து நான்கில் வை என்று அவனிடம் சொல்லியிருந்தேன். இருபத்து நான்கு டிகிரியில் பாதரசம் மெதுவாகத்தான் எழும்பும். பத்து டிகிரி ஏறினால் அது இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். என் கணக்கு எல்லாமே இருபத்து நான்குக்குப் போட்ட கணக்கு. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாவது வாரம் தூக்கம் வரவில்லை என்றான். சாப்பிட வரும்போது பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும், நான் துண்டால் துடைத்துவிடுவேன். பாதரசம் ஏறிய உடம்புக்கு வியர்வை கூடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆபீஸ் மீட்டிங்கில் யாரோ கொஞ்சம் குரல் உயர்த்தியதற்கு அழுதான். யாராவது கதவைத் தட்டினால் என் பின்னால் வந்து நின்றுகொண்டான். முப்பத்தொரு வயது ஆண்பிள்ளை, கல்யாணம் ஆனவன்.

முனியம்மா கவனித்துவிட்டாள். "இன்னா மிஸ்ஸு, தம்பி இப்டி மெலிஞ்சிகினே போவுது? கையி வேற நடுங்கிகினு கீது. பொண்டாட்டிய ஊருக்கு அனுப்பிட்டு ஏக்கத்துல கீதா?" என்றாள்.

"ஆபீஸ் வேலை ஜாஸ்தி" என்றேன்.

ஆடிப் பதினெட்டுக்கு எலுமிச்சை சாதம், புளி சாதம், தேங்காய் சாதம் எல்லாம் செய்தேன். அவன் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு கவளம் எடுத்தான். வாய்க்குப் போகும் முன்னால் பாதி மடியில் சிந்தியது. இரண்டாவது கவளமும் சிந்தியது. என்னை நிமிர்ந்து பார்த்தான். "அக்கா, எனக்கு இன்னாமோ ஆவுதுக்கா" என்றான். ஒன்றும் இல்லடா என்று சொல்லி நான் பிசைந்து ஊட்டினேன். கடைசியாக அவனுக்கு ஊட்டி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சின்ன வயதில் போலவே ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டான். சாப்பிட்டு முடித்ததும் என் புடவைத் தலைப்பிலேயே வாயைத் துடைத்துக்கொண்டான்.

அன்றைக்கே தட்டை எடுத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது லேசான நடுக்கம், அது வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தேவையில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஸ்டூலைக்கூட எடுத்துப் போட்டேன். பிறகு, நாளைக்கும் ஊட்டலாமே என்று தோன்றியது. மேடம், அப்படித்தான் தோன்றியது. அதைவிட நல்ல காரணம் எதையாவது எழுத முடியுமா என்று ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தேன், இல்லை.

ஆடி இருபத்தேழாம் தேதி காலை குளியலறையில் விழுந்தான். கை கால் இழுத்துக்கொண்டது. பருத்திப்பட்டு தாண்டி ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரோஷினி அன்று மாலையே வந்துவிட்டாள். நரம்பு, தைராய்டு, மூளைக் காய்ச்சல் என்று ஒவ்வொன்றாகத் தேடினார்கள். நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். என் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னேன். வீட்டில் ஏதாவது ரசாயனம் உண்டா என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

ஒன்பதாவது நாள் அவனுக்குச் சமைத்து எடுத்துப் போக நான் வீட்டில் இருந்தபோது, ரோஷினி மாற்றுத் துணி எடுக்க வந்தாள். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, பரணில் இருந்து பெட்டியை இறக்கியிருக்கிறாள். பெட்டி மூடி மேல் சின்னக் கிண்ணத்தில் அவளுடைய கம்மல்கள் இருந்தன, நான் கல்யாணத்துக்குப் போட்டவை. ஊருக்குப் போகும் அவசரத்தில் அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. அவற்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தாள்.

"அண்ணி, இது ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? வெள்ளி மாதிரி ஆயிடுச்சு. நகைக்கடைல ஏமாத்திட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் நம்பியிருப்பாள். ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் பாடத்தில் சந்தேகம் கேட்டவர்களுக்கு நான் தெரிந்தே தப்பான பதில் சொன்னதில்லை.

"தங்கந்தான்மா. பாதரச ஆவி பட்டா தங்கம் இப்படித்தான் வெளுக்கும்" என்றேன்.

"நம்ம ஊட்ல பாதரசம் எங்கேருந்து அண்ணி வரும்?" என்று கேட்டாள். அவன் பேச்சு அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போது கவனித்தேன்.

நான் அடுப்பை அணைத்தேன். பெட்டி இருந்த இடத்துக்குப் பின்னால் பார்க்கச் சொன்னேன். மூக்கைத் துணியால் கட்டிக்கொள், ஜன்னலைத் திறந்துவிட்டு ஏறு என்றும் சொன்னேன்.

அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, என்னைத் தாண்டிப் போய், வாசலில் செருப்பைக்கூடப் போடாமல் ஆட்டோ பிடித்தாள். அவள் போய்ச் சொன்னதால்தான் சரியான மருந்து கிடைத்தது. ரத்தத்தில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். நரம்புக்குள் போனது வராது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். அவனால் இனி டைப் அடிக்க முடியாது. பெயர்கள் மறந்துபோகின்றன, பேச்சு திக்குகிறது. கனடாக்காரர்கள் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரோஷினி அவனைக் கரூருக்கு அழைத்துப் போகிறாள். டம்ளரை முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும், ஒரு கையை அவன் மணிக்கட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

இதோடு முடித்துவிடலாம் என்று நேற்று நினைத்திருந்தேன். இன்று காலை நீங்கள் அவன் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். அவன் இன்னும் நம்பவில்லை. அக்காவுக்குத்தான் மனசு சரியில்லை, என்னைக் காப்பாற்ற முடியவில்லையே என்று தன் மேல் பழி போட்டுக்கொள்கிறாள் என்கிறான். அப்புறம் நீங்கள் அந்த இடத்தைப் படித்தீர்கள். எழுதியவர் திக்கலை மட்டும் விட்டுவிட்டு, அவன் பேச்சை மாற்றாமல் எழுதியிருந்தார்.

"அறை சூடா இருந்துச்சான்னு கேக்குறீங்க. ஆமா மேடம், வெந்துகினு இருக்கும். நான் ஏசியே போடல. அந்த மெஷினு அக்கா ஜன்னலாண்டதான் கத்தும். பாவம் அது, காலைல ஸ்கூலுக்குப் போவணும். ரோஷினியும் ஊருக்குப் போயிருந்தா, எனக்கு ஒருத்தனுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அக்காகிட்ட சொல்லல. சொன்னா போடச் சொல்லும்."

படித்து முடித்துவிட்டு, அறை அவ்வளவு சூடாக இருந்தது உங்களுக்குத் தெரியாதுதானே என்று கேட்டீர்கள். இருபத்து நான்கு டிகிரிக்குத்தானே கணக்குப் போட்டீர்கள் என்று நீங்களே எடுத்தும் கொடுத்தீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன்.

கதவருகில் காபி கொடுக்கும்போது உள்ளேயிருந்து அனல் என் முகத்தில் அடிக்கும். அவன் பனியன் நனைந்திருந்ததைத் துடைத்தவள் நான். அதையெல்லாம் விடுங்கள். அந்த மெஷின் ஓடினால் என் கட்டில் அதிரும் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன்.

ஆடி ஒன்றிலிருந்து என் ஜன்னல் பக்கம் சத்தமே இல்லை. இருபத்தாறு நாளும் நான் நன்றாகத் தூங்கினேன்.